குடிமக்கள் பதிவேடும் நீதிமன்றக் கண்காணிப்பும்: காவிரி டெல்டா மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்கான படிவம் வீடு வீடாக வந்தபோது, டெல்டா ஊர்களில் பலரும் கேட்டது ஒன்றுதான்: "அசாமில் நடந்தது இதுதானா? நாளைக்கு நம்மையும் இந்த நாட்டு ஆள் இல்லை என்று சொல்லிவிடுவார்களா?" அசாமில் உச்ச நீதிமன்றக் கண்காணிப்பில் குடிமக்கள் பதிவேட்டைப் புதுப்பித்தபோது சுமார் 19 லட்சம் பேர் அதில் விடுபட்டார்கள். அந்தக் கவலையை ஒட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறோம். அசாமில் உச்ச நீதிமன்றம் செய்தது என்ன, விட்டது என்ன, அப்படி ஒரு கணக்கெடுப்பு நம் பக்கம் வந்தால் எந்தக் கட்டத்தில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

சென்சஸ், ஆதார், வாக்காளர் பட்டியல், குடிமக்கள் பதிவேடு எல்லாம் ஒன்றுதானே?

நான்குக்கும் நான்கு தனிச் சட்டங்கள். சென்சஸ் 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கிறது. அந்தச் சட்டத்தின் 15-ஆவது பிரிவுப்படி, கணக்கெடுப்பாளரிடம் நீங்கள் சொன்னதை யாரும் பார்வையிட முடியாது, சாட்சியமாகவும் பயன்படுத்த முடியாது. ஆகவே சென்சஸுக்கு வருபவரைக் கண்டு கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஆதார், இந்த நாட்டில் வசிப்பவருக்குத் தரப்படும் எண். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டத்தின் 9-ஆவது பிரிவே சொல்கிறது. வாக்காளர் பட்டியலுக்கு 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம்.

குடிமக்கள் பதிவேடு 1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 14ஏ பிரிவையும், 2003 டிசம்பரில் வெளியான விதிகளையும் சார்ந்தது. அதற்கு முதல் படி மக்கள்தொகைப் பதிவேடு, அதாவது இங்கே வசிக்கும் எல்லாரின் பட்டியல். 2010-இல் சென்சஸ் வீட்டுப் பட்டியலோடு சேர்த்து அதை நாடு முழுக்க எடுத்தார்கள், 2015-இல் புதுப்பித்தார்கள். 2003 விதிகளின்படி, அந்த மக்கள்தொகைப் பதிவேட்டைச் சல்லடை போட்டு எடுப்பதுதான் குடிமக்கள் பதிவேடு. வீட்டு வாசலில் ஒருவர் படிவத்தோடு நின்றால், எந்தச் சட்டத்தின் கீழ் இந்தப் படிவம் என்று முதலில் கேளுங்கள். படிவத்தின் தலைப்பையும் பாருங்கள்.

அசாமில் நீதிமன்றம் எப்படி இதற்குள் வந்தது?

அசாமில் 1951 சென்சஸை ஒட்டி ஒரு குடிமக்கள் பதிவேடு எடுத்திருந்தார்கள். 1985 ஆகஸ்ட் 15 அன்று கையெழுத்தான அசாம் ஒப்பந்தத்தின்படி குடியுரிமைச் சட்டத்தில் 6ஏ பிரிவு சேர்ந்தது. 1971 மார்ச் 24 நள்ளிரவுக்குப் பிறகு வந்தவர்கள் வெளிநாட்டவர் என்பது அங்கே எல்லைக் கோடு. பழைய பதிவேட்டை அந்தக் கோட்டின்படி புதுப்பிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பேச்சு நடந்தது. 2010-இல் பர்பேட்டாவில் தொடங்கிய சோதனை முயற்சி கலவரத்தில் உயிர்ப்பலியோடு நின்றுபோனது.

2009-இல் ஒரு தன்னார்வ அமைப்பு உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டிருந்தது. அந்த வழக்கோடு சேர்த்துக் கேட்கப்பட்ட இன்னொரு வழக்கில், 2014 டிசம்பர் 17 அன்று நீதிபதிகள் ரஞ்சன் கோகோய், ரோகின்டன் நாரிமன் அமர்வு கால அட்டவணை போட்டு, 2016 ஜனவரி முடிவுக்குள் பட்டியலை வெளியிடச் சொன்னது. அந்தக் கெடு பலமுறை நீண்டு, 2019 ஆகஸ்ட் 31-இல்தான் முடிந்தது. நடுவில் இருந்த ஆண்டுகள் முழுக்க வழக்கு முடிக்கப்படாமல், தொடர் உத்தரவுகளாகவே ஓடியது.

கண்காணிப்பு என்றால் நீதிமன்றம் என்னதான் செய்தது?

காவிரி வழக்கோடு ஒப்பிட்டால் நமக்குச் சட்டென்று பிடிபடும். காவிரியில் 1990-இல் நடுவர் மன்றம் வந்தது, 2007-இல் அதன் இறுதித் தீர்ப்பு, 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு. பங்கை முடிவு செய்த பிறகு, தண்ணீரை மாதாமாதம் அளந்துவிடும் வேலையை மேலாண்மை ஆணையத்திடம் ஒப்படைத்துவிட்டு நீதிமன்றம் விலகி நின்றது. ஆணையத்தின் முடிவில் குறை என்றால் மறுபடி நீதிமன்றத்துக்குப் போக வழி இருக்கிறது.

அசாமில் அப்படி விலகி நிற்கவில்லை. பதிவேட்டுப் பணியின் மாநில ஒருங்கிணைப்பாளராக இருந்த பிரதீக் ஹஜேலா அமர்வுக்கு நேரடியாக அறிக்கை கொடுத்தார். எந்த ஆவணம் செல்லும், எது செல்லாது, எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் அமர்விலேயே முடிவானது. சில அறிக்கைகள் மூடிய உறையில் போயின. அவற்றின் பிரதியை மத்திய அரசு கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை. ஷட்டரைத் தூக்குகிற கையும் புகாரை விசாரிக்கிற கையும் ஒன்றாகிவிட்டால், தண்ணீர் வராத கடைமடைக்காரர் யாரிடம் போய் நிற்பார்? அசாமில் பட்டியலிலிருந்து விடுபட்டவர்களின் நிலை அதுதான்.

நீதிமன்றம் ஒன்றும் நல்லது செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். கல்யாணமாகி ஊர் மாறிய பெண்களுக்குப் பஞ்சாயத்துச் செயலாளர் கொடுத்த சான்று செல்லாது என்று 2017 பிப்ரவரியில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் தள்ளியபோது லட்சக்கணக்கான பெண்களின் விண்ணப்பம் அந்தரத்தில் தொங்கியது. அந்த ஆண்டு டிசம்பர் 5-இல் உச்ச நீதிமன்றம், உரிய சரிபார்ப்போடு அதை ஏற்கலாம் என்று சொல்லிக் காப்பாற்றியது. 2018 ஜூலை வரைவு வந்த பிறகு, மறுவிண்ணப்பத்துக்கு 10 வகை ஆவணங்கள் மட்டுமே போதும் என்ற யோசனை எழுந்தது. 1951 பதிவேட்டின் பிரதி, 1971-க்கு முந்தைய வாக்காளர் பட்டியல், ரேஷன் அட்டை உள்ளிட்ட மற்ற 5 வகைகளையும் ஏற்க வேண்டும் என்று 2018 நவம்பர் 1-இல் அதே நீதிமன்றம்தான் உத்தரவிட்டது.

பிறகு எங்கே பிசகியது?

அளவை முதலில் பாருங்கள். சுமார் 3.29 கோடிப் பேர் விண்ணப்பம், 6.6 கோடி ஆவணங்கள், 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள், 1,200 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. 2018 ஜூலை 30 வரைவில் 40,07,707 பேர் இல்லை. 2019 ஜூனில் மேலும் 1,02,462 பேர் நீக்கம். இறுதிப் பட்டியலில் 3,11,21,004 பேர் உள்ளே, 19,06,657 பேர் வெளியே.

இத்தனையையும் தேதி துரத்தியது. ஒவ்வொரு விசாரணையிலும் வேலை எத்தனை சதவீதம் முடிந்தது என்பதே முன்னுக்கு வந்தது. ஆளுக்கு ஆள் நியாயம் கிடைத்ததா என்று பார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. மறுசரிபார்ப்புக்கு வரச்சொல்லி ஒன்றிரண்டு நாள் அவகாசத்தில் நோட்டீஸ் போய், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மையத்துக்குக் குழந்தை குட்டிகளோடு இரவோடு இரவாக வண்டி பிடித்துப் போன குடும்பங்கள் ஏராளம்.

இரண்டாவது சிக்கல், கணினி வம்ச வரிசை. முன்னோர் ஒருவரின் பழைய பதிவுக்கு ஒரு குறியீடு. அதைக் காட்டிப் பிள்ளைகள், பேரர்கள் விண்ணப்பிக்க வேண்டும். அண்ணன் எழுதிக்கொடுத்த குடும்ப மரத்தில் தங்கையின் பெயர் விட்டுப்போனால் அவள் விண்ணப்பம் பொருந்தாது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்களில் மூவர் உள்ளே, ஒருவர் வெளியே என்ற நிலை இப்படித்தான் வந்தது. விண்ணப்பம் எழுதும்போது உடன்பிறந்தார் எல்லாரும் ஒரு திண்ணையில் உட்கார்ந்து, ஒரே குடும்ப மரத்தை எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும் என்பது அங்கிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம்.

மூன்றாவது, ஆட்சேபம். பட்டியலில் இருப்பவர் மீது யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் கொடுக்கலாம். கடைசி நேரத்தில் அவை கட்டுக்கட்டாக வந்து விழுந்தன. ஆட்சேபம் கொடுத்தவர்களில் பலர் விசாரணைக்கு வரவேயில்லை. வேலையை விட்டுவிட்டு அலைந்தது எதிர்த்தரப்பு மட்டும்தான்.

விடுபட்ட 19 லட்சம் பேருக்கு என்ன ஆயிற்று?

சட்டப்படி, ஒவ்வொருவருக்கும் காரணம் எழுதிய நிராகரிப்புச் சீட்டு தர வேண்டும். அது கைக்கு வந்த நாளிலிருந்து 120 நாளுக்குள் வெளிநாட்டவர் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். பட்டியல் வந்து ஆண்டுகள் ஓடியும் சீட்டு வழங்கப்படவில்லை, இந்தியத் தலைமைப் பதிவாளரும் பட்டியலை அரசிதழில் அறிவிக்காமலே வைத்திருந்தார். சீட்டு இல்லாததால் மேல்முறையீட்டுக் கதவும் திறக்கவில்லை. நடுவில் சுமார் 27 லட்சம் பேரின் கைரேகைப் பதிவுகள் முடக்கப்பட்டதால் அவர்களுக்கு ஆதார் கிடைக்கவில்லை. அதில் ஒரு பகுதியினருக்கு மட்டும் 2024-இல் விடுவிப்பு அறிவிக்கப்பட்டது.

எங்கள் பார்வையில் அசாமின் பெரிய தோல்வி இதுதான். எண்ணைச் சொல்லும் பட்டியல் கெடுவுக்குள் வந்தது, காரணத்தைச் சொல்லும் காகிதம் வரவில்லை. காரணம் எழுத்தில் இல்லாவிட்டால் மேலே இருக்கும் எந்த நீதிமன்றமும் எதையும் சரிபார்க்க முடியாது.

நம் பக்கம் வந்தால் நமக்கும் 1971-தான் கோடா?

கிடையாது. 1971 அசாமுக்கு மட்டும். 6ஏ செல்லும் என்று 2024 அக்டோபர் 17-இல் அரசியல் சாசன அமர்வு 4-க்கு 1 என்று தீர்ப்பளித்தபோதும் அது அசாமின் தனிச் சூழலை வைத்தே.

மற்ற மாநிலங்களுக்குக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்த மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், பிறப்பால் குடிமகன் (வெளிநாட்டுத் தூதர் பிள்ளைகள் போன்ற சில விலக்குகள் உண்டு). 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்பு வரை பிறந்தவருக்கு, தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு பிறந்தவருக்கு இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதமாக வந்தவர் இல்லை என்றும் இருக்க வேண்டும்.

இதனால் ஒரு வீட்டிலேயே மூன்று தலைமுறைக்கும் ஒரே வேலை இல்லை. 1987 ஜூலைக்கு முன் பிறந்த தாத்தாவும் அப்பாவும் எங்கே பிறந்தார்கள் என்பதைக் காட்டினால் போதும். பேரப்பிள்ளைகள் பெற்றோரின் நிலையையும் காட்ட வேண்டும். ஆகவே வீட்டில் 1987-க்கு முன் பிறந்தவரின் ஆவணத்தைத்தான் முதலில் பலப்படுத்த வேண்டும், மற்றவர்கள் அதன் மேல் நிற்பார்கள். பலரும் பேரக்குழந்தையின் பிறப்புச் சான்றைப் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார்கள், தாத்தாவின் பள்ளிச் சான்றைப் பரணில் கரையானுக்கு விட்டிருக்கிறார்கள்.

2003 விதிகளின்படி வேலை எப்படி நடக்கும்?

வீடு வீடாக விவரம் எடுப்பார்கள். உள்ளூர்ப் பதிவாளர் அதைச் சரிபார்த்து, சந்தேகம் என்று நினைப்பவர் பெயருக்கு எதிரே குறிப்பு எழுதுவார். எதை வைத்துச் சந்தேகிக்கலாம் என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. அந்த இடத்தில்தான் எல்லா ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. குறிப்பு எழுதினால் அந்த நபருக்கோ குடும்பத்துக்கோ உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். முடிவெடுக்கும் முன் வட்டப் பதிவாளர் அவர்களை நேரில் கேட்க வேண்டும், பொதுவாக 90 நாளுக்குள் முடிக்க வேண்டும்.

பிறகு வரைவுப் பதிவேடு வெளியாகும். அதில் பெயர் இல்லை, தவறாக இருக்கிறது, அல்லது வேறொருவர் பெயர் இருக்கக் கூடாது என்பவர்கள் 30 நாளுக்குள் மனு கொடுக்கலாம். அதன் மேல் 90 நாளுக்குள் முடிவு. அந்த முடிவில் மனக்குறை என்றால் மாவட்டப் பதிவாளரிடம் 30 நாளுக்குள் மேல்முறையீடு. அவரும் 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

குறுவை அறுப்பும் சம்பா நடவும் நெருக்குகிற புரட்டாசி, ஐப்பசியில் அந்த 30 நாள் வந்தால், வயலில் நிற்பவருக்கு அது கண்ணுக்குத் தெரியாமலே கடந்துபோகும். பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் வரைவு ஒட்டிய தேதியைச் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். கெடு எந்த நாளிலிருந்து எண்ணப்படும் என்ற தகராறு வந்தால் அந்தப் படம் பேசும்.

இதில் நீதிபதி எங்கே வருகிறார்?

வரவே இல்லை. உள்ளூர்ப் பதிவாளர், வட்டப் பதிவாளர், மாவட்டப் பதிவாளர் மூவரும் நிர்வாகத்தைச் சேர்ந்தவர்கள். அசாமுக்காவது தீர்ப்பாயம் என்று ஒன்று சொல்லியிருக்கிறார்கள். மற்ற மாநிலங்களில் மாவட்டப் பதிவாளரின் முடிவுக்கு மேல், அரசியல் சாசனத்தின் 226-ஆவது பிரிவுப்படி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுவது ஒன்றே வழி.

ரிட் நீதிமன்றம் உங்கள் பள்ளிச் சான்றைக் கையில் எடுத்து, நீங்கள் எங்கே பிறந்தீர்கள் என்று முதலிலிருந்து விசாரிக்காது. நோட்டீஸ் முறையாகக் கொடுத்தார்களா, உங்களைக் கேட்டார்களா, கொடுத்த ஆவணத்தைப் பார்த்தார்களா, காரணம் எழுதினார்களா என்று மட்டுமே பார்க்கும். தாலுகாவில் கொடுக்காத காகிதத்தை உயர் நீதிமன்றத்தில் புதிதாக நீட்டினால் பெரும்பாலும் எடுபடாது. ஆகவே வழக்கு ஜெயிப்பதும் தோற்பதும் தாசில்தார் அலுவலகத்தில் நீங்கள் நிற்கும் அந்த முதல் நாளில்தான். அன்று கையில் இருப்பதை எல்லாம் கொடுங்கள். பக்க எண் போட்டு, கொடுத்த ஆவணங்களின் பட்டியலை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். (பழைய பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது.) வாய்மொழியாக "முடியாது" என்றால், "காரணத்தை எழுதிக் கொடுங்கள் ஐயா" என்று கேட்டு நில்லுங்கள்.

கண்காணிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குக் கிட்டத்து உதாரணமும் உண்டு. பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தில் சுமார் 65 லட்சம் பெயர்கள் வரைவில் இல்லாமல் போயின. 2025 ஆகஸ்ட் 14-இல் உச்ச நீதிமன்றம், அந்தப் பெயர்களை ஒவ்வொன்றுக்கும் காரணத்தோடு வெளியிடச் சொன்னது. இறந்தவரா, இடம் மாறியவரா, இரட்டைப் பதிவா என்று ஊர்க்காரர்களே பார்க்க முடிந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 8-இல், ஆதாரை 12-ஆவது ஆவணமாக ஏற்க வேண்டும், ஆனால் அது குடியுரிமைச் சான்று ஆகாது என்றும் சொன்னது. தேதியைக் காப்பாற்றும் உத்தரவை விட, காரணத்தை வெளியே கொண்டுவரும் இப்படி ஓர் உத்தரவு சாதாரண மனிதருக்குப் பல மடங்கு பயன்.

எங்கள் மாவட்டத்துக்கு எந்த உயர் நீதிமன்றம்? மதுரையா, சென்னையா?

டெல்டாவில் இதில் ஏமாறுபவர்கள் அதிகம். தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக் கிளையின் கீழ். அதாவது கும்பகோணம், பாபநாசம், பட்டுக்கோட்டை எல்லாம் மதுரை. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் சென்னை. அம்மாப்பேட்டைக்காரர் மதுரைக்குப் போக வேண்டும், பக்கத்திலிருக்கும் நீடாமங்கலத்துக்காரர் சென்னைக்குப் போக வேண்டும்.

தாத்தா சான்றில் தஞ்சாவூர் மாவட்டம், எனக்கு மயிலாடுதுறை மாவட்டம். இது முரண்பாடு ஆகுமா?

ஆகாது, ஆனால் விளக்கம் இணைக்க வேண்டும். 1991-இல் தஞ்சையிலிருந்து நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-இல் திருவாரூர், 2020 டிசம்பரில் மயிலாடுதுறை. மாயவரம், மாயூரம், மயிலாடுதுறை மூன்றும் ஒரே ஊர். 1969-க்கு முந்தைய காகிதத்தில் சென்னை மாநிலம் என்று இருக்கும். வேறு மாநிலத்து அதிகாரியோ கணினியோ பார்த்தால் நாலு ஊர் என்றுதான் நினைக்கும். கிராமத்தின் பெயர், பழைய வட்டம், இன்றைய வட்டம், இரண்டு மாவட்டம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, வி.ஏ.ஓ. கையெழுத்தோடு ஒவ்வொரு மனுவிலும் சேருங்கள்.

பெயரில் எழுத்து மாறியிருக்கிறது. அதற்காகத் தள்ளிவிடுவார்களா?

கலியபெருமாள் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். பள்ளிச் சான்றில் "மு. கலியபெருமாள்". ரேஷன் அட்டையில் "கலியமூர்த்தி" என்று யாரோ தவறாக ஏற்றியிருப்பார்கள். ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் போயிருக்கும், ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'ஒய்' இருக்கும். வாக்காளர் அட்டையில் அந்த 'ஒய்' இருக்காது. பட்டாவில் "முத்து மகன் கலியன்". ஊருக்கே தெரியும் ஐந்தும் ஒரே ஆள் என்று. கணினிக்குத் தெரியாது. வடக்கே வகுத்த படிவங்களில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் சிலர் தலைப்பெழுத்தை எழுதுவார்கள், சிலர் அப்பா பெயரை முழுதாக எழுதுவார்கள். குழப்பம் அங்கிருந்தே தொடங்கும்.

2024 ஜூலை 11 அன்று உச்ச நீதிமன்றம், அசாமில் வெளிநாட்டவர் என்று அறிவிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில், பெயரிலும் தேதியிலும் இருக்கும் சிறு வேறுபாடுகளை வைத்து ஒருவரின் குடியுரிமையைப் பறிக்க முடியாது என்று தெளிவாகச் சொன்னது. அதோடு, ஒருவரைச் சந்தேகிப்பதற்கு அதிகாரியின் கையில் ஏதாவது அடிப்படை இருக்க வேண்டும், வெறுமனே கதவைத் தட்டி 'நிரூபி' என்று சொல்ல முடியாது என்றும் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் அந்த மனிதர் இறந்துவிட்டார்.

அந்தத் தீர்ப்பு கையில் இருந்தாலும் வீட்டில் செய்ய வேண்டிய வேலை உண்டு. ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை மூன்றையும் பள்ளிச் சான்றில் உள்ள பெயருக்குக் கொண்டுவாருங்கள். எல்லாவற்றையும் ஆதாருக்கு ஏற்றபடி மாற்றுவது தலைகீழ் வேலை. பழைய ஆவணத்துக்கே எடை அதிகம். பட்டாவில், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டக் காலத்தில் விழுந்த பெயர்ப்பிழை என்றால் அதைத் தனியாகத் திருத்த மனுச் செய்யுங்கள்.

நிலம் இல்லை, பத்திரம் இல்லை. கூலி வேலை செய்த குடும்பம். எதைக் காட்டுவது?

பண்ணைகளில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களுக்கு இந்தக் கேள்வி வருவதே வேதனை. இந்த மண்ணை விளையவைத்தவர்கள் அவர்கள்தான், மண்ணின் காகிதத்தில் பெயர் இல்லாதவர்களும் அவர்கள்தான். ஆனாலும் தேடினால் கிடைக்கும் சில இடங்கள் உண்டு.

1971-ஆம் ஆண்டு குடியிருப்பு மனை உரிமைச் சட்டப்படி, மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளர்களுக்கு அந்த மனை சொந்தமானது. அந்தப் பட்டா பல வீடுகளில் இரும்புப் பெட்டிக்குள் மடிந்து கிடக்கிறது. தாத்தா பெயரும் கிராமமும் ஆண்டும் ஒரே தாளில் இருக்கும் மிக நல்ல சான்று அது. குத்தகை செய்தவர்களுக்கு 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி எடுத்த குத்தகை உரிமைப் பதிவேடு உண்டு. தாலுகா அலுவலகத்தில் நகல் மனுப் போட்டுக் கேளுங்கள்.

அடுத்து, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. இரண்டாம் வகுப்போடு நின்றவருக்கும் அதில் பெயர், அப்பா பெயர், ஊர், பிறந்த தேதி இருக்கும். தலைமையாசிரியரிடம் கேட்டுச் சான்றொப்பமிட்ட நகல் வாங்குங்கள். அசாமில் பள்ளிச் சான்றைக் கொடுத்தும், எழுதிக் கொடுத்தவர் வந்து சாட்சி சொல்லவில்லை என்று தள்ளிய வழக்குகள் ஏராளம். எனவே பதிவேட்டில் பக்க எண், வரிசை எண் என்ன என்பதையும் நகலில் எழுதி வாங்குங்கள். தேவைப்பட்டால் மூலப் பதிவேட்டை வரவழைக்கும்படி அதிகாரியிடம் எழுத்தில் கேளுங்கள்.

பிறப்பு பதிவாகாமலே போயிருந்தால், முதலில் "பதிவில் இல்லை" என்ற சான்று வாங்கி, கோட்டாட்சியர் அலுவலகத்தில் காலந்தாழ்ந்த பதிவுக்கு மனுச் செய்ய வேண்டும். 2023 அக்டோபர் 1-க்கு முன் ஓராண்டு கடந்த பிறப்புகளுக்கு மாஜிஸ்திரேட் கோர்ட் உத்தரவு என்று சட்டத்தில் இருந்தது. இப்போது நிர்வாக அதிகாரியே உத்தரவிடலாம். வேளாங்கண்ணிப் பக்கத்தவர்களுக்குப் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேடு, நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைக்காரர்களுக்குப் பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேடு துணைச் சான்றாக உதவும். தனியாக நின்று பேசாது, வேறொன்றோடு சேர்ந்தால் வலுவாகும்.

கல்யாணமாகி வந்த பெண்களுக்கு?

18 வயதில் கல்யாணமாகி, முதல் ஓட்டே புகுந்த ஊரில் போட்டிருப்பார்கள். பட்டியலில் கணவர் பெயர்தான் இருக்கும். அப்பாவோடு இணைக்கும் காகிதம் ஒன்றுகூடக் கையில் இருக்காது. அசாமில் பஞ்சாயத்துச் சான்றை நம்பியிருந்தவர்கள் இப்படிப்பட்ட பெண்கள்தான். பிறந்த ஊர்ப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, பிறந்த வீட்டின் பழைய ரேஷன் அட்டை, அப்பா இறந்தபோது எடுத்த வாரிசுச் சான்று ஆகிய மூன்றில் ஒன்று போதும். வாரிசுச் சான்றில் "பெண்ணுக்கு எதற்கு" என்று பெயரை விட்டிருந்தால், அண்ணன் தம்பிகள் முன்வந்து அதைத் திருத்த வேண்டும். சொத்துத் தகராறு பயத்தில் விட்ட பெயர், ஒருநாள் அக்காவின் குடியுரிமையையே கேள்விக்கு ஆளாக்கும்.

அப்பா மலேயாவில் இருந்தார், நான் அங்கே பிறந்தேன். இலங்கையிலிருந்து வந்தவர்களுக்கு?

நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் போன காலத்தில் குடும்பம் குடும்பமாகப் போய் வந்த ஊர்கள் நம்முடையவை. வெளிநாட்டில் பிறந்தவருக்கு 4-ஆவது பிரிவு, வம்சாவளிக் குடியுரிமை. 1992 டிசம்பர் 10-க்கு முன் பிறந்தவருக்கு அப்பா இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். அந்நாள் சட்டம் அம்மாவைக் கணக்கில் எடுக்கவில்லை. அப்பாவின் பழைய இந்தியப் பாஸ்போர்ட், அதில் நாகையில் இறங்கிய முத்திரை, குழந்தையின் பெயரைச் சேர்த்த பக்கம், இவை பொன் போன்றவை. காலாவதியானது என்று தூக்கிப்போடாதீர்கள்.

இலங்கை மலையகத்திலிருந்து 1964 அக்டோபர் 30 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி வந்தவர்கள் குடியுரிமை பெற்று வந்தவர்கள். அந்தச் சான்று தொலைந்திருந்தால் தாயகம் திரும்பியோருக்கு வழங்கிய குடும்ப அட்டை, மறுவாழ்வுக் கடன் காகிதங்கள் உதவும். 1983-க்குப் பின் அகதிகளாக வந்தவர்களின் நிலை வேறு. ஆனால் 1987 ஜூலைக்கு முன் இங்கேயே பிறந்த பிள்ளைகள் பிறப்பால் குடிமக்கள். மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் வழங்க 2022-இல் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் இந்த அடிப்படையில்தான்.

சுனாமியிலும் கஜாவிலும் எல்லாம் போய்விட்டது.

2004 டிசம்பர் 26, 2018 நவம்பர் 16 என்ற இரண்டு தேதிகளையும் மனுவில் எழுதுங்கள். எந்த ஊரில் எவ்வளவு அழிந்தது என்பது அரசின் பதிவிலேயே இருக்கிறது. நிவாரணப் பட்டியலிலும் சுனாமி வீட்டு ஒதுக்கீட்டிலும் உங்கள் பெயர் இருப்பதே நீங்கள் அந்த ஊரார் என்பதற்குச் சான்று. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, உங்கள் வீட்டுப் பதிவின் நகலைக் கேட்கலாம்.

வாக்காளர் பட்டியலில் பெயர் போனால் குடியுரிமையும் போய்விடுமா?

போகாது. தமிழ்நாட்டில் 2025 டிசம்பர் 19 வரைவில் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. இறந்தவர், குடிபெயர்ந்தவர், இரட்டைப் பதிவு என்பவையே பெரும்பாலும் சொல்லப்பட்ட காரணங்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போய், படிவம் வந்த நாளில் வீடு பூட்டியிருந்தவர்களும் இதில் மாட்டியிருக்கலாம். படிவம் 6 கொடுத்து மறுபடி சேருங்கள். மறுத்தால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அதன் பிறகு 30 நாளுக்குள் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாம் மேல்முறையீடு. நீக்கிய உத்தரவின் நகலை வாங்காமல் இந்தப் படிகளில் ஏறாதீர்கள்.

வக்கீல் வைக்க வசதி இல்லை.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, வட்ட அளவிலும் குழு உண்டு. பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், பேரிடரில் பாதிக்கப்பட்டோர் ஆகியோருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்பது 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு. தொலைபேசி 15100. நோட்டீஸ் வந்த அன்றே போங்கள், விசாரணைக்கு முதல்நாள் சாயங்காலம் போனால் வக்கீலுக்குக் காகிதம் படிக்கவே நேரம் இருக்காது. நோட்டீஸ் வந்த உறையையும் எடுத்துக்கொண்டு போங்கள், அதில் இருக்கும் தபால் முத்திரைத் தேதி வேண்டியிருக்கும்.